நான் கண் சிமிட்டிய வருடங்கள்

நாற்காலியைத் திருப்பிப் போட்டார் டாக்டரம்மா. அவர் செய்தது அவ்வளவுதான். பதினோரு வருடமாக நான் மூடி மறைத்த குட்டு அன்றைக்கு உடைந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை, முதல் ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன்னால். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் நர்ஸாக வேலை பார்க்கும் தொழிற்சாலையின் முதலுதவி அறை. தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு இந்த அறை நன்றாகப் பழக்கம். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு கட்டில், ஒரு மருந்து அலமாரி, டிங்சர் வாசனை. சுவருக்கு அந்தப் பக்கம் பழுக்கக் காய்ந்த இரும்பை அடித்து லாரிக்கும் டிராக்டருக்கும் பாகங்கள் செய்யும் ராட்சதச் சுத்தியல்கள். ஹேமர் என்போம். மூலையில் பழைய டெலிபோன் பூத் அளவுக்கு ஒரு மரக்கூண்டு, அதன் முன்பக்கம் கண்ணாடி. வருடா வருடம் காது பரிசோதனை அந்தக் கூண்டுக்குள்தான்.

கூண்டுக்குள் வெங்கடேசு இருந்தார். வயது நாற்பத்தைந்து, எளாவூர்ப் பக்கத்துக் கிராமம். இருபது வருடமாக ஹேமர் ஓட்டுகிறவர். காதில் ஹெட்ஃபோன், கையில் பட்டன். மெஷின் 'பீப்' என்று சின்னதாகச் சத்தம் கொடுக்கும். கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். எப்போதும் கண்ணாடியைப் பார்த்து, அதாவது வெளியே மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கும் என்னைப் பார்த்து உட்காருவார். அன்றைக்குப் புதிதாக வந்திருந்த டாக்டரம்மா, "இப்பிடித் திரும்பி, செவத்தப் பாத்து உக்காருங்க" என்று நாற்காலியைத் திருப்பிவிட்டார்.

மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்தது. சத்தம் போகிறது என்று அர்த்தம். வெங்கடேசுவின் கட்டைவிரல் அசையவில்லை. டாக்டரம்மா சத்தத்தைக் கூட்டினார். விளக்கு மறுபடியும் எரிந்தது. அப்போதும் அசையவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவர் மெல்லக் கழுத்தைத் திருப்பி, கண்ணாடி வழியாக என்னைத் தேடினார். நான் தலையைக் குனிந்துகொண்டு ரிஜிஸ்டரில் எதையோ எழுதுகிற மாதிரி பாவனை செய்தேன்.

காதல் கதை அல்ல

தலைப்பைப் பார்த்துவிட்டு, இந்த வயதில் சிஸ்டருக்கு என்ன வந்தது என்று யாரும் பதற வேண்டாம். போன வாரம் கேன்டீன் சாம்பாரைப் பற்றி எழுதியதற்கே, 'பெண்பிள்ளைக்கு இவ்வளவு நக்கல் ஆகாது' என்று ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். அவர் இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போய்விடுவது உடம்புக்கு நல்லது.

நான் கண் சிமிட்டியது இதற்காகத்தான். சிவப்பு விளக்கு எரியும்போதெல்லாம் கூண்டுக்குள் இருப்பவரைப் பார்த்து ஒருமுறை இமைப்பேன். அவர் பட்டனை அழுத்துவார். ரிப்போர்ட் 'நார்மல்' என்று வரும். வெளியிலிருந்து மெஷினைக் கொண்டுவரும் டெக்னீஷியன் மெஷினைப் பார்ப்பாரே தவிர என்னைப் பார்க்கமாட்டார். நான் என்ன அவ்வளவு பார்க்கிற மாதிரியா இருக்கிறேன்.

எல்லாச் சத்தத்துக்கும் சிமிட்டினால் சந்தேகம் வரும் என்று, இடையில் ஒன்றிரண்டை வேண்டுமென்றே விட்டுவிடுவேன். அதில் ஒரு பெருமை வேறு எனக்கு.

இதை யாரும் கூடிப்பேசி ஏற்பாடு செய்யவில்லை. ஹேமர் ஷெட்டில் வாயால் பேசுகிற வழக்கமே கிடையாது. பேசினாலும் பக்கத்தில் இருப்பவனுக்குக் கேட்காது. எல்லாம் கைதான். கட்டைவிரலை வாயிடம் கொண்டுபோனால் டீ. தோளில் இரண்டு தட்டுத் தட்டினால் சூப்பர்வைசர் வருகிறார். மேல்கையைக் கிள்ளிக் காட்டினால் அது நான், ஊசி போடுகிறவள். இருபது வருடம் கண்ணாலேயே கேட்டுப் பழகியவர்களுக்கு என் இமையைப் படிக்க யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

முனுசாமியின் முதுகு

ஏன் செய்தேன் என்பதற்கு முனுசாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பொன்னேரியில் காலை ரயிலைப் பிடித்து, கும்மிடிப்பூண்டியில் இறங்கி, கம்பெனி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவேன். வெள்ளைச் சேலை ஷெட் வாசலைத் தாண்டுவதற்குள் சாம்பல் நிறமாகிவிடும். அந்த வருடம் காது பரிசோதனையில் முனுசாமி என்ற ஹேமர்காரருக்கு 'தகுதியில்லை' என்று வந்தது. நான்தான் அந்தக் காகிதத்தை ஆபீஸில் கொடுத்தேன். நல்லது செய்வார்கள், வேறு வேலைக்கு மாற்றுவார்கள் என்று நினைத்தேன். அந்த வாரமே இனி வேலை இல்லை என்று அவரை கேட்டில் நிறுத்திவிட்டார்கள். அப்போதிருந்த மேனேஜரிடம் போய்க் கேட்டேன். "சிஸ்டர், மருந்தோட நிறுத்திக்குங்க" என்றார்.

பிறகு முனுசாமியை எளாவூர் செக்போஸ்ட் பக்கம் லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருக்கப் பார்த்தேன். பஸ் ஜன்னலிலிருந்து கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை. கேட்கவில்லையா, கேட்டும் திரும்பவில்லையா என்பது எனக்குத் தெரியாது. அந்த முதுகு மட்டும் ரொம்ப நாள் கண்ணுக்குள்ளேயே இருந்தது. இனி என் கையால் ஒருத்தனுக்கும் அந்தக் காகிதம் போகாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அப்படி ஆரம்பித்ததுதான் இந்தச் சிமிட்டல்.

நோட்டீஸ் போர்டில் ஒரு காகிதம்

இப்போது புதுச் சட்டத்துக்கு வருவோம். சட்டம் என்றதும் பக்கத்தைத் திருப்பாதீர்கள், சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

தொழிலாளர் சட்டங்களையெல்லாம் திரட்டிப் புதிதாகக் கொண்டுவந்தார்களே, அதையொட்டி எங்கள் நோட்டீஸ் போர்டில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். நாற்பது வயது தாண்டிய எல்லோருக்கும் வருடம் ஒருமுறை செலவில்லாமல் முழு உடல் பரிசோதனை. வேலையால் வரும் நோய்கள் என்று ஒரு பட்டியல். அந்தப் பட்டியலில் உள்ளதைக் கண்டுபிடித்தால் டாக்டர் அரசாங்கத்துக்கு எழுதியே ஆக வேண்டும். தொழிற்சாலையும் தெரிவிக்க வேண்டும். சத்தத்தால் போகும் காதும் அந்தப் பட்டியலில் இருந்தது.

இதில் பாதி பழைய சட்டத்திலேயே இருந்ததாம். டாக்டரம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். எங்கள் நோட்டீஸ் போர்டுக்கு நடந்து வந்துசேர இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

காகிதத்தைப் படித்த ஹேமர்காரர்கள் பயந்துபோனார்கள். வெங்கடேசு முதலுதவி அறைக்கு வந்து, மருந்து வாங்குகிற சாக்கில் நின்றார்.

"இன்னா சிஸ்டர், புச்சா டாக்டர் வர்றாங்களாமே. நமக்கு ஒண்ணும் பேஜாரு இல்லியே?"

"ஒண்ணும் ஆவாது. நான் இருக்கேன்ல" என்றேன். அதைச் சத்தமாகவும், முகத்தை அவருக்கு நேரே வைத்தும் சொன்னேன். அப்படிச் சொன்னால்தான் அவருக்குப் புரியும் என்பது எனக்குப் பழக்கமாகியிருந்தது. அது எப்போது பழக்கமானது என்று நான் யோசித்ததே இல்லை.

இதற்கு ஒரு மாதம் முன்னால் அவர் காலில் சிராய்ப்போடு வந்தார். பின்னாலிருந்து ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே வந்திருக்கிறது, இவர் விலகவில்லை. டிரைவர் பிரேக்கை மிதித்ததால் சிராய்ப்போடு போயிற்று. நான் மருந்து போட்டு, "பாத்து நடக்கக்கூடாதா" என்று கடிந்துகொண்டு அனுப்பினேன். நர்ஸ் படிப்புப் படித்தவள் நான். ஹாரன் ஏன் கேட்கவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"எத்தன வருஷமா?"

பரிசோதனை முடிந்து வெங்கடேசு போன பிறகு டாக்டரம்மா பழைய ஃபைலை எடுத்து மேசையில் பரப்பினார். என் மகள் வயதுதான் இருக்கும். குரலை உயர்த்தாத பெண்.

"போன வருஷம் நார்மல். அதுக்கு முந்தின வருஷம் நார்மல். இன்னிக்கு ரெண்டு காதும் இவ்வளவு விழுந்திருக்கு. ஒரு வருஷத்துல இப்படிப் போகாது சிஸ்டர்."

நான் பரப்பிய காகிதங்களை அடுக்க ஆரம்பித்தேன்.

"அவர் திரும்பி உங்களத்தான் பாத்தார்."

சொல்லிவிட்டேன். முனுசாமியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும். அவர் திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். அவர் பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

"நான் இத எழுதித்தான் ஆகணும். பாத்துட்டு எழுதாம விட்டா சட்டப்படி நான்தான் குத்தவாளி. ஆனா நான் எழுதினா மட்டும் பத்தாது. பழைய ரிப்போர்ட்டெல்லாம் நார்மல்னு இருக்கே, அத வெச்சு, இது வேலையால வந்ததே இல்லன்னு சொல்லிடுவாங்க. அவருக்கு நஷ்டஈடும் கிடைக்காது, மாத்து வேலையும் கிடைக்காது."

காப்பாற்றுகிறேன் என்று நினைத்து, வருடா வருடம் நானே அவருக்கு எதிராகச் சாட்சி எழுதி ஃபைலில் வைத்திருக்கிறேன். அந்த நிமிஷம் எனக்கு அழுகை வரவில்லை. என் மேலேயே கோபம்தான் வந்தது.

மறுநாளே எச்.ஆர். மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். கெட்ட மனிதர் அல்ல, அவருக்கு மேலேயும் கேள்வி கேட்க ஆள் உண்டு. "போன வருஷம் வரைக்கும் நல்லா இருந்த காது சிஸ்டர். ஊர்ல திருவிழாவுல வெடி வெச்சிருப்பாரு. நீங்க கொஞ்சம் டாக்டர்கிட்ட எடுத்துச் சொல்லுங்க" என்றார்.

டாக்டரம்மா சொன்னபடியேதான் நடந்தது. நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வேலையில் இன்னும் இரண்டு வருடம் பாக்கி. நர்ஸ் பதிவையே ரத்து செய்துவிடுவார்களோ என்ற பயம் வேறு. அன்று மாலை ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றாமல் நின்றுகொண்டே பொன்னேரி போய்ச் சேர்ந்தேன்.

நாகம்மா சொன்னது

இரண்டு நாள் கழித்து கேட்டில் என்னைத் தேடி ஒரு பெண் வந்திருப்பதாக செக்யூரிட்டி சொன்னார். வெங்கடேசுவின் மனைவி நாகம்மா. கையில் ஒரு பையில் வெண்டைக்காய், எனக்காகத் தோட்டத்தில் பறித்தது. வேலை போய்விடும் என்று அவர் வீட்டில் சாப்பிடாமல் படுத்திருக்கிறாராம்.

"காது போச்சின்னு டாக்டரம்மா சொன்னாங்களாம். நெஜமா சிஸ்டர்?"

"நெஜம்தான் நாகம்மா."

"எத்தினி நாளா?"

"ரொம்ப வருஷமா இருக்கும்."

அவள் கொஞ்சம் தள்ளிப் போய், மதில் ஓரம் குந்திவிட்டாள். நானும் பக்கத்தில் குந்தினேன்.

"ஊட்ல நான் கூவிக்கினே கெடப்பேன். இந்தாளு திரும்பிக்கூடப் பாக்காது. சம்பாரிக்கிற திமிருன்னு நெனச்சிக்கினேன். உனுக்கே அவ்ளோன்னா எனுக்கு எவ்ளோன்னு நானும் பேச்ச உட்டுட்டேன். ஆறு மாசம் ஆவுது சிஸ்டர், சோறு வெச்சாகூட எம்பொண்ணுதான் போயி, நைனா சாப்புட வான்னு கையப் புட்ச்சி இட்டாரும். அதுக்குக் கேக்கலயா, நான் தெர்லாம..."

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். வேலையைப் பற்றி அதற்கப்புறம் அவள் பேசவே இல்லை. "நான் போயி அதுக்கிட்ட பேசணும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

வெண்டைக்காய்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு நான் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தேன். நான் 'நார்மல்' என்று எழுத வைத்த காகிதம் பத்து மைல் தள்ளி ஒரு குடும்பத்தில் பேச்சையே நிறுத்தியிருக்கிறது. முதல் வருடமே உண்மையைச் சொல்லியிருந்தால் அவளாவது அவர் முன்னால் போய் நின்று பேசியிருப்பாள்.

ஒரு பக்கம், இரண்டு தடவை

அன்று மதியமே எழுதினேன். முதல் தாளில் கை வேர்வை பட்டு மை கலைந்துவிட்டது. இரண்டாவது தாள் சரியாக வந்தது. கடந்த பதினோரு வருடமாக வெங்கடேசு உட்பட ஹேமர் பகுதித் தொழிலாளர்களுக்கு நடந்த காது பரிசோதனையில் நான் கண்ணால் சைகை காட்டினேன், அவர்கள் அதைப் பார்த்தே பட்டனை அழுத்தினார்கள், அந்த ரிப்போர்ட்டுகள் எதையும் நம்ப வேண்டாம். கீழே பெயர், பதிவு எண், கையெழுத்து. ஒரு நகலை டாக்டரம்மாவிடமும் ஒன்றை எச்.ஆர். மேனேஜரிடமும் கொடுத்தேன்.

மேனேஜர் அதை இரண்டு தடவை படித்தார். "உங்களுக்கு இன்னா வந்துச்சு சிஸ்டர்?" என்றார். அவருக்கும் எங்கள் ஊர்ப் பேச்சு ஒட்டிக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"எனக்கு ஒண்ணும் வரல சார். அவருக்குத்தான் காது போச்சு" என்றேன்.

மெமோ வந்தது. விசாரணை வந்தது. ஒரு மாதம், இன்றோடு வேலை போய்விடும் என்று நினைத்தபடியே வந்துகொண்டிருந்தேன். கடைசியில், 'இனி இப்படி நடந்தால்' என்று முடியும் ஒரு எச்சரிக்கையோடு விட்டார்கள். அரசாங்கத்திலிருந்து அதிகாரிகள் வந்து, சத்தத்தை அளக்கும் கருவியோடு ஷெட்டைச் சுற்றினார்கள். ஹேமர்காரர்கள் அத்தனை பேரையும் சுவரைப் பார்த்து உட்காரவைத்து மறுபடி பரிசோதித்தார்கள். வெங்கடேசுவோடு சேர்த்து இன்னும் சிலர் அகப்பட்டார்கள். கண்டுபிடிக்கப்பட்டார்கள் என்று சொல்ல வேண்டும், பழைய புத்தி போகமாட்டேன் என்கிறது.

ஒருவரையும் கேட்டில் நிறுத்தவில்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நிறுத்துவார்கள் என்று நான் தினமும் பயந்தேன். மாற்று வேலை கொடுக்க வேண்டும் என்ற விதியை டாக்டரம்மா மஞ்சள் பேனாவால் கோடு போட்டு மேனேஜர் மேசையில் வைத்தார். வெங்கடேசுவை, அச்சுகளைத் துடைத்து எண்ணெய் போட்டு அடுக்கிவைக்கும் ஸ்டோருக்கு மாற்றினார்கள். அரசாங்க மருத்துவக் குழு, இது வேலையால் வந்த குறைதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டது. கேட்பதற்கு மாட்டிக்கொள்ளும் காது மெஷின் அவருக்கு இரண்டு பக்கமும் வந்தாயிற்று. ஹேமர்களைச் சுற்றிச் சத்தத்தை அடக்கும் தடுப்பு எழும்பிக்கொண்டிருக்கிறது. பாதிதான் முடிந்திருக்கிறது, மீதிக்கு நான் தினமும் மேனேஜரை நச்சரித்துக்கொண்டிருக்கிறேன்.

காது மெஷின் மாட்டிய முதல் நாள் எப்படி இருந்தது என்று வெங்கடேசுவைக் கேட்டேன். "நாகம்மா பேசிக்கினே கீறா சிஸ்டர். ஆறு மாசத்துக்கும் சேத்து" என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு.

முனுசாமியைத் தேடி எளாவூருக்கு ஒருநாள் போனேன். செக்போஸ்ட் பக்கத்தில் அவரைத் தெரிந்தவர் யாரும் இல்லை. அந்தக் கணக்கு அப்படியே நிற்கிறது.

என் முறை

போன மாதம் ஆபீஸ் ஊழியர்களின் பரிசோதனை. பெயர் ஜாபிதாவை நான்தான் தயார் செய்தேன். டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு, "உங்க பேரக் காணோமே. உங்களுக்கு நாப்பது ஆகலயா?" என்றார்.

ஐம்பத்தாறு. மறந்துவிட்டேன் என்று சொன்னேன். மறக்கவில்லை. கொஞ்ச காலமாக எங்கள் வீட்டு டி.வி.யை என் கணவர் குறைப்பதும் நான் கூட்டுவதுமாக இருக்கிறது. ரத்த அழுத்தம் பார்க்க ஸ்டெதாஸ்கோப்பை விட்டுவிட்டு பேட்டரி மெஷினுக்கு மாறியதும், ஸ்டெத் பழுது என்று எல்லோரிடமும் சொன்னதும் நான்தான். ஸ்டெத்துக்கு ஒரு பழுதும் இல்லை.

கூண்டுக்குள் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். கதவைச் சாத்தினார்கள். ஹெட்ஃபோனுக்குள் என் மூச்சுச் சத்தம்தான் இருந்தது. நாலைந்து பீப் கேட்டது, அழுத்தினேன். அப்புறம் ஒன்றும் இல்லை. இன்னும் ஒன்றும் இல்லை. வெளியே விளக்கு எரிகிறதா, எரியவில்லையா. இன்னும் இரண்டு வருட வேலை. வெங்கடேசு இந்த நாற்காலியில் எப்படி உட்கார்ந்திருந்தார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

என்னை அறியாமல் கழுத்தைத் திருப்பிவிட்டேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெங்கடேசு நின்றுகொண்டிருந்தார். காது மெஷினுக்கு பேட்டரி வாங்க வந்தவர். டாக்டரம்மா குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். சிவப்பு விளக்கு வெங்கடேசுவின் கண்ணுக்கு நேரே இருந்தது. அவர் விளக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் ஒரு தடவை இமைத்தால் போதும்.

இரண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, வெங்கடேசு கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

நான் சுவரின் பக்கம் திரும்பி, கேட்டதற்கு மட்டும் அழுத்தினேன்.

முடிந்து, கதவைத் திறந்து வெளியே வந்தேன். டாக்டரம்மா ரிப்போர்ட்டை நீட்டினார். கோடு ஓர் இடத்தில் சரிந்திருந்தது. அதிகமில்லை, ஆனால் சரிந்திருந்தது. மேலே என் பெயர், கீழே அவர் கையெழுத்து, பக்கத்தில் அன்றைய தேதி. பதினோரு வருடத்தில் அந்தக் கூண்டிலிருந்து நான் வாங்கி ஃபைலில் வைத்த முதல் உண்மையான காகிதங்களில் அதுவும் ஒன்று.

வெங்கடேசு இன்னும் அதே இடத்தில், அதே மாதிரி நின்றிருந்தார்.

"இன்னா சிஸ்டர், முடிஞ்சிதா?" என்றார். "கண்ணத் தொறக்கலாமா?"